வால்வைத் திறந்த கை

தேஹு ரோடு
9 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நீலா எழுதுவது. உங்களை வாப்பி யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதே கிரிஜா அண்ணி போன் செய்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ரியாக்டர் வெடித்து இன்றைக்குப் பதினெட்டு நாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் இந்தப் பதினெட்டு நாளில் நீங்கள் ஒருமுறைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. ஊரை விட்டுப் போகிற அன்றைக்காவது ஒரு பத்து நிமிடம் கிடைக்காமல் போயிற்றா?

இரண்டு கண்ணும் போய்விட்டது அண்ணா. காஸ்டிக் கலந்த கொதிக்கிற ஸ்பிரிட் முகத்தில் அடித்தால் டாக்டர் என்ன செய்வார்? கழுத்திலும் நெஞ்சிலும் தோல் இல்லை. தீபாவை ஒரு நாள் கூட்டிப்போனேன். கட்டுப் போட்டிருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "இது அப்பா இல்ல" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்தாள். அவர் காதில் விழுந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நேற்றுக் கம்பெனியிலிருந்து ஒருவர் கட்டிலுக்கே வந்து சார்ஜ் ஷீட் கொடுத்தார். நான்தான் படித்துச் சொன்னேன். மேல் டாங்கிலிருந்து பியூட்டைல் புரோமைடை இரண்டு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டியது. ஆபரேட்டர் மாடசாமி வால்வை முழுவதும் திறந்துவிட்டார். அவருடைய அலட்சியத்தால்தான் விபத்து. இப்படி எழுதியிருக்கிறது.

அவர் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "நாலு வருசமா நான் திறக்கிற வால்வு அது. கால் சுத்துதான் திறந்தேன். எப்பவும் ஒண்ணும் ஆகாது. அன்னைக்குப் பதினஞ்சு நிமிசத்துல பிரஷர் முள்ளு ஏறிட்டு. உடனே வால்வை மூடினேன், தண்ணியைத் திறந்தேன், ஜாதவை ஓடுன்னு கத்தினேன். மச்சான்கிட்ட கேளு நீலா. டிரம்முல என்னமோ இருந்திருக்கு. மச்சானுக்குத் தெரியும்."

நீங்கள்தான் அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டீர்கள். நீங்கள்தான் அங்கே கெமிஸ்ட். வேறு யாரிடம் நான் கேட்பேன்?

நீலா


வாப்பி
17 பிப்ரவரி 1998

அன்புத் தங்கை நீலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளையை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மாற்றல் உத்தரவு என் கையில் இல்லை. மேனேஜர் கூப்பிட்டு, நாளைக்கே கிளம்பு என்றார், கிளம்பினேன். கிரிஜாவுக்கு ஏழாவது மாதம். இங்கே கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறது.

வெடித்தது எப்படி என்று நீ கேட்கிறாய். அது டெக்னிக்கல் விஷயம் நீலா. உனக்குப் புரியும்படி எழுதுவது கஷ்டம். விசாரணை நடக்கட்டும். அவசரப்பட்டு யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். சார்ஜ் ஷீட்டுக்குப் பதில் கொடுக்கும்போது, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதினால் கம்பெனி கொஞ்சம் இரக்கம் காட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு எழுதும்போது தமிழிலேயே எழுது. தபால் கம்பெனி ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது, சில நேரம் பிரித்திருக்கிறது.

அண்ணன்
பாஸ்கர்


தேஹு ரோடு
25 பிப்ரவரி 1998

அண்ணனுக்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அதை நான் அவரிடம் படித்துக் காட்டவில்லை.

எனக்குப் புரியாது என்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் உங்களைவிட ஆறு மார்க் அதிகம் வாங்கினேன். இரண்டு பேரைக் காலேஜுக்கு அனுப்ப முடியாது என்று அப்பா சொன்னார், நீங்கள் போனீர்கள். அதை நான் என்றைக்கும் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாதவ் வீட்டுக்கு வந்தார். அவருடன் அதே ஷிப்டில் இருந்தவர். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தார். "பாபி, கிஸீகோ மத் பதானா" என்றார். யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெடித்த மறுநாளே மிச்சம் இருந்த டிரம்களை எல்லாம் லாரியில் ஏற்றி எங்கேயோ அனுப்பிவிட்டார்களாம். அதற்கு முன்னால் ஜாதவ் கிழித்து வைத்த லேபிள் அது.

பியூட்டைல் புரோமைடு என்றுதான் அச்சடித்திருக்கிறது. கார்பன் நாலு, ஹைட்ரஜன் ஒன்பது, புரோமின் ஒன்று. எல்லாம் சரிதான். ஆனால் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு 't' இருக்கிறது, பக்கத்தில் ஒரு கோடு. பழைய டிரம் லேபிள் ஒன்றில் இவர் வீட்டில் தீபாவின் புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்தார். அதை எடுத்துப் பார்த்தேன். அதில் 'n' என்று இருக்கிறது.

இந்த ஒரு எழுத்து என்ன அண்ணா? எழுதுங்கள். எழுதாவிட்டால் இந்த லேபிளை எடுத்துக்கொண்டு காலேஜ் காலேஜாகப் போய்க் கேட்பேன்.

நீலா


வாப்பி
8 மார்ச் 1998

நீலா,

காலேஜுக்குப் போக வேண்டாம். நானே எழுதுகிறேன்.

நாலு கார்பனையும் ஒரே வரிசையில், ரயில் பெட்டிபோலக் கோத்து, கடைசிப் பெட்டியில் புரோமினை மாட்டினால் அது 'n'. நாங்கள் எப்போதும் வாங்கியது அதுதான். பிரைமரி என்போம். 't' என்றால் டெர்ஷியரி. தமிழ்ப் புத்தகத்தில் மூவிணையம் என்று போடுவார்களாம். அதில் வரிசை இல்லை. நடுவில் ஒரு கார்பன். அதைச் சுற்றி மூன்று பக்கமும் மூன்று கார்பன். நாலாவது பக்கம் புரோமின். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். பெயரும் அந்த ஒரு எழுத்தைத் தவிர ஒன்றுதான்.

ரியாக்டரில் காஸ்டிக் சூடாக ஸ்பிரிட்டில் காத்திருக்கிறது. மேலிருந்து விழுகிற புரோமைடுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காஸ்டிக்கோடு உள்ளே போட்டிருக்கும் மற்ற மூலப்பொருள் புரோமின் இருக்கிற கார்பனைப் பின்பக்கமாக வந்து பிடிப்பது. புரோமின் கழன்று போகும், அந்த இடத்தில் இது உட்காரும். இது பதிலீடு. நமக்கு வேண்டியது அதுதான், விற்கிற சரக்கு அதில்தான் உண்டாகிறது. இரண்டாவது வழி, காஸ்டிக் அந்தக் கார்பனைத் தொடாமல் பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குவது. பிடுங்கிய உடனே புரோமின் விழுந்துவிடும், இரண்டு கார்பனுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு வந்துவிடும். இது நீக்க வினை.

'n' வகையில் பின்பக்கம் வழி திறந்திருக்கிறது. பிடுங்குவதற்குப் பக்கத்தில் இரண்டே ஹைட்ரஜன்தான். அதனால் பெரும்பாலும் பதிலீடுதான் நடக்கும். 't' வகையில் மூன்று கார்பன்கள் மறித்து நிற்கின்றன, பின்னால் யாரும் வர முடியாது. ஆனால் அந்த மூன்றிலும் மும்மூன்றாக ஒன்பது ஹைட்ரஜன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே கை வைத்தாலும் கிடைக்கும். தவிர, நடுக் கார்பனிலிருந்து புரோமின் தானாகவே கழலத் தயாராக இருக்கும். அப்போது உண்டாகிற இரட்டைப் பிணைப்பும் உறுதியானது. நடுவில் செகண்டரி என்று ஒரு வகை உண்டு, அதில் இரண்டும் கலந்து நடக்கும். டெர்ஷியரி சூடான காஸ்டிக்கோடு சேர்ந்தால் ஏறக்குறைய எல்லாமே நீக்கம்தான், அதுவும் வேகமாக. சூடு ஏற ஏற இன்னும் அதிகம்.

அப்படிக் கிடைப்பது ஐசோபியூட்டிலீன். அது திரவம் இல்லை நீலா, கேஸ். எங்கள் கண்டென்ஸரில் ஓடும் தண்ணீரால் அதைக் குளிரவைத்துத் திரும்ப இறக்க முடியாது. வெளியே போகும் குழாய் ஒரு விரல் அகலம். உள்ளே விழுகிற ஒவ்வொரு சொட்டும் கேஸாக மாறிக்கொண்டே இருந்தால் மூடி எவ்வளவு நேரம் தாங்கும்?

புரோமினுக்குப் பதில் குளோரின் இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாகக் கழன்றிருக்காது. அயோடின் என்றால் இன்னும் சுலபம். இது நடுத்தரம். குளோரினாக இருந்திருந்தால் மாப்பிள்ளைக்கு ஓடுவதற்குக் கொஞ்ச நேரம் கிடைத்திருக்குமோ என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன்.

அவர் கால் சுற்றுத் திறந்தாலும் இதுதான் நடந்திருக்கும். தப்பு அவர் கையில் இல்லை.

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

பாஸ்கர்


தேஹு ரோடு
16 மார்ச் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று முறை படித்தேன். புரிந்தது. அவரை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் உட்காரவைத்து அவருக்கும் சொன்னேன். என் இடது கையை நடுக் கார்பன் என்று அவர் கையில் கொடுத்து, மூன்று விரலை விரித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பொறுமையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப என் கை தப்புப் பண்ணல" என்றார். வெடித்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

பிறகு அவராகவே கேட்டார்: "டிரம்மு ஷெட்டுக்கு வரும் முன்ன லேபுல பாத்துக் கையெழுத்துப் போடுவாவல்ல. அன்னைக்குப் பாத்தது யாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் தெரியும். கம்பெனியின் லேபில் கெமிஸ்ட் நீங்கள் ஒருவர்தானே.

ஏப்ரல் 18, சனிக்கிழமை, கம்பெனி விசாரணை. வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வந்து எனக்கு எழுதியதை அங்கே சொன்னால் போதும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேலை திரும்பக் கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும். குருடாகிவிட்ட மனிதனை, குடித்துவிட்டு வால்வைத் திறந்தான் என்று மார்க்கெட்டில் பேசுகிறார்கள். அவர் பீடிகூடப் பிடித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

வருவீர்களா?

நீலா


வாப்பி
27 மார்ச் 1998

நீலா,

நான்தான்.

ஜனவரி 21 மாலை டிரம்கள் வந்தன. புதிய சப்ளையர். கூட வந்த சர்டிபிகேட்டில் சுத்தம் தொண்ணூற்றொன்பது சதவீதம், மூலக்கூறு எடை நூற்று முப்பத்தேழு என்று இருந்தது. இரண்டும் உண்மைதான், பொய் இல்லை. லேபில் சரக்கைச் சோதிக்கும் மிஷின் ஒரு வாரமாக ரிப்பேர். மேனேஜர் இரண்டு முறை போன் செய்து, காலையில் பேட்ச் போட வேண்டும், முடிந்ததா முடிந்ததா என்று கேட்டார்.

மிஷின் தேவையே இல்லை. ஒரு சோதனைக் குழாயில் ஸ்பிரிட்டில் கரைத்த சில்வர் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டு டிரம்மிலிருந்து இரண்டு சொட்டு விட்டால் போதும். 'n' என்றால் வெகு நேரம் தெளிவாகவே இருக்கும். 't' என்றால் விட்ட கணமே மோர்போலக் கலங்கிவிடும். பி.எஸ்சி. இரண்டாம் வருடப் பையன் செய்கிற சோதனை. ஒரு நிமிடம். அதுவும் வேண்டாம், கொதிநிலையைப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும், இருபத்தெட்டு டிகிரி வித்தியாசம்.

நான் டிரம்மைத் திறக்கவே இல்லை. கிரிஜாவை டாக்டரிடம் கூட்டிப்போக நேரமாகிவிட்டது என்று ஸ்டோர் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

வெடித்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன் நீலா. நீ ஜன்னலோரம் நின்றிருந்தாய். உள்ளே வந்தால் என்ன ஆச்சு என்று கேட்பாய், நான் சொல்ல வேண்டிவரும். திரும்பிவிட்டேன்.

18ஆம் தேதி வருகிறேன். சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லாதே, நானே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

பாஸ்கர்


தேஹு ரோடு
20 ஏப்ரல் 1998

பாஸ்கர் அவர்களுக்கு,

அந்த அறையில் நான் பார்த்ததை எழுதுகிறேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை, ஆகையால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். இவரை நான் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தேன். நீங்கள் வக்கீலிடம் ஏதோ சொன்னீர்கள். குரல் கேட்டதும் இவர் முகம் மலர்ந்தது. "நீலா, மச்சான் வந்துட்டாவளா?" என்று கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார். நீங்கள் பேப்பரைப் புரட்டினீர்கள்.

டிரம்களைச் சோதித்தீர்களா என்று வக்கீல் கேட்டார். சோதித்தேன், சரியாக இருந்தது என்றீர்கள். வால்வை வேகமாகத் திறந்தால் இப்படி ஆகுமா என்றார். ஆகலாம் என்றீர்கள்.

நான் பையிலிருந்து உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்து மேஜையில் வைத்தேன். லேபிளையும் வைத்தேன். லேபிள் எந்த டிரம்முடையது என்று எப்படித் தெரியும் என்று வக்கீல் தள்ளிவிட்டார். ஜாதவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் புரட்டிவிட்டு, இது என்ன பாஷை, இங்கே தமிழ் தெரிந்தவர் யார் என்றார் வக்கீல். எங்களைத் தவிர உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது சொல் என்றார்.

நீங்கள் வாசித்தீர்கள். உதடு அசைந்தது, பார்த்தேன். அப்புறம் மராத்தியில் சொன்னீர்கள்: "குடும்ப விஷயம் சார். தங்கை ரொம்ப அழுதாள். புருஷன் மேல் தப்பு இல்லை என்று ஆறுதலுக்காக எழுதினேன்."

நான் தேஹு ரோட்டில் பிறந்தவள். மராத்தி எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? பொய் என்று கத்தினேன். "பாயி, ஷாந்த் ராஹா", அமைதியாக இரம்மா என்று வக்கீல் என்னை உட்காரச் சொன்னார். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடு நீலா. மச்சான் சொல்லுதாவல்ல" என்றார்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும் என் மணிக்கட்டை விடவில்லை.

நீலா


வாப்பி
11 ஜூன் 1998

நீலா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் கூப்பிட்டார். கோபப்படவில்லை, டீ வரவழைத்தார். "உண்மையைச் சொல், தாராளமாகச் சொல். ஆனால் கையெழுத்து உன்னுடையது. போலீஸ் வந்தால் கம்பெனியைப் பிடிக்க மாட்டார்கள், உன்னைத்தான் பிடிப்பார்கள். உன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் தனியாகப் பிள்ளை பெறுவாள்" என்றார். அறைக்குள் நுழையும்வரை சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை என்னைக் கேட்டாரே, வந்துட்டாவளா என்று. அதற்கப்புறம் என் வாய்மேல் எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தூக்கிப் பார்க்க மனசு வரவில்லை. கிரிஜா காரணம் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை.

போன மாதம் வேலையை விட்டுவிட்டேன். நடந்ததை ஆங்கிலத்தில் முழுவதும் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, வக்கீலுக்கும் கம்பெனிக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. விசாரணை முடிந்து ஆபரேட்டரை நீக்கியாகிவிட்டது, கோப்பு மூடப்பட்டுவிட்டது. வேலையை விட்ட ஊழியர் கம்பெனிமேல் உள்ள பகையில் எழுதியதாகவே இதை எடுத்துக்கொள்ள முடியும் என்று இரண்டு வரி. சப்ளையர் இப்போது அந்த விலாசத்திலேயே இல்லை.

என்னை மன்னிக்க வேண்டாம். அந்த வாக்குமூலத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு முறை படித்துக் காட்டு. அவராவது தெரிந்துகொள்ளட்டும்.

பாஸ்கர்


தேஹு ரோடு
28 ஜூன் 1998

அண்ணனுக்கு,

விசாரணையிலிருந்து வந்தபிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று நான் உங்களுக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் தடவித் தடவிப் பின்பக்கக் குழாயடிக்குப் போகிறார். குழாயைத் திறக்கிறார், மூடுகிறார். "இவ்வளவு திறந்தேனா? இல்ல, இதைவிட அதிகமா?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்கிறார். தண்ணீர் வரும் நேரமெல்லாம் அங்கேயேதான். முதலில் கால் சுற்று என்றார். மே மாதத்தில் அரைச் சுற்று இருக்கலாம் என்றார். இப்போது, முழுசாவே திறந்துட்டேன் போல என்கிறார். வெடித்த அன்றைக்கு ஜாதவின் காலில் பட்ட காயம் ஆறிவிட்டதா என்று தினமும் விசாரிக்கிறார். தன்னால்தான் என்று நினைக்கிறார்.

உங்கள் வாக்குமூலத்தை நேற்று மத்தியானம் படித்தேன். ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று நிதானமாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டது, டிரம்மைத் திறக்காதது, சில்வர் நைட்ரேட், மேனேஜர், எதையும் விடவில்லை. என் இடது கையை மறுபடியும் அவரிடம் கொடுத்தேன். விரல்களைத் தொடவே இல்லை. கையை மெதுவாக என் மடியில் வைத்துவிட்டார்.

"பாவம் மச்சான்" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"நான் மனசு ஒடிஞ்சி கிடக்கேன்னு பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாவ. இருந்த வேலையையும் விட்டுட்டாவ. அன்னைக்கு நாலு பேரு முன்னாடி சத்தியத்தைச் சொன்னவாவ, இப்ப எனக்காகப் பொய் எழுதுதாவ. வேண்டாம்னு எழுது நீலா. கைக்குழந்தை இருக்கு, வேற வேலை தேடச் சொல்லு."

நான் சண்டை போட்டேன். இதுதான் நிஜம், அன்றைக்குச் சொன்னதுதான் பொய் என்று அழுது கத்தினேன். ஒன்பது ஹைட்ரஜனையும் ஒன்றொன்றாகச் சொன்னேன். என் தலையைத் தேடித் தடவிக்கொடுத்தார். அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் என்னைத் தேத்தப் பாக்குதிய என்றார். உங்களை அவர் அவ்வளவு நம்புகிறார். நீங்கள் அந்த அறையில் சொன்னதை அவர் மனதிலிருந்து அழிக்க உங்களாலேயே இனி முடியாது.

அவர் சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன். வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய அந்த வாக்குமூலத்தின் நாலு பக்கத்திலும் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் நம்பவில்லை, நான் நம்புகிறேன். அதனால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

நீலா